குப்பைத் தொட்டிக்குப் போகும் முன் ஒரு போன் செய்யுங்கள்: சுவீடிஷ் பாடகர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இன்னும் பாடிக்கொண்டிருக்கும் சுவீடிஷ் பாடகர் குழுக்களின் தலைவர், செயலர், இசை நோட்டு அலமாரியின் சாவி வைத்திருப்பவர் எல்லோருக்கும்,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதியை முகவரி தெரிந்தவர்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவரோடு நல்ல பழக்கத்தில் இருக்கிற தமிழர்கள் நிறைய பேர். அவர்களில் ஒருவருக்காவது நான் சொல்லப்போகிற வேலை கைக்கு வரலாம்.

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், மொலீன் பக்கம். போன அக்டோபரில் இந்த வட்டாரத்தில் ஒரு சுவீடிஷ் ஆண்கள் குழு கலைந்தது. பெயர் வேண்டாம், அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடைசியில் ஒன்பது பேர்தான் மிச்சம், அதில் முதல் டெனர் என்ற, ஆண்குரலில் மிக உயர்ந்த பாகத்துக்கு ஒரே ஒருவர், அவருக்கும் வயது எண்பத்து மூன்று. ஓட்டெடுத்து, கையிருப்பை ஒரு மருத்துவ நிதிக்குக் கொடுத்து, ஒரு கடைசி காபியும் குடித்து முடித்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் ஆறு வருஷம் நானும் இரண்டாம் டெனர் பாடியிருக்கிறேன், வேலை மாறிய பிறகு ஒத்திகைக்குப் போக முடியாமல் நின்றுவிட்டேன். மண்டபத்தைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்து ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், பின்பக்கம் வாடகைக்கு எடுத்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி, அதில் பாதிக்கு மேல் இசை நோட்டுப் புத்தகங்கள். முந்தின இரவு மழை வேறு. மேலாகக் கிடந்தவை ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அடியில் காய்ந்திருந்ததை மட்டும் இரண்டு அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒரு இரண்டாம் பேஸ் புத்தகம், அதாவது மிகத் தாழ்ந்த ஆண்குரலுக்கானது. காலிகோ அட்டை, முதுகுத் தையல் விட்டுப்போய் யாரோ மீன்பிடி நரம்பால் திரும்பத் தைத்திருக்கிறார்கள். உள்ளே ஓட்டோ லின்ட்பிளாட் இசையமைத்த ஒரு வசந்தப் பாட்டு. சுவீடிஷ் சொற்களுக்கு மேலே பென்சிலில் இங்கிலீஷ் எழுத்தில் உச்சரிப்பு. தலையில் குட்டி வட்டம் போட்டு 'ஓ' என்று ஒலிக்கும் அந்த 'a' எழுத்து வருகிற இடமெல்லாம், பாடுகிறவர் மறந்துவிடக் கூடாதென்று இரண்டு முறை அழுத்தி எழுதியிருக்கிறது. மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு கமா. ஒரு பக்க ஓரத்தில் வேறு கையெழுத்து, அதில் முழுக்க சுவீடிஷ், மையில். அதே புத்தகம், அதே பாகம். முதலில் வைத்திருந்தவருக்கு மொழி தாய்ப்பால் மாதிரி. அடுத்து வைத்திருந்தவருக்கு, அவருடைய மகனாகவோ பேரனாகவோ இருக்கலாம், ஒவ்வொரு எழுத்தையும் இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு மொழி எப்படிக் கைமாறி எப்படித் தேய்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காகிதத்தை நான் பார்த்ததில்லை.

என் கோரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழு கலைவதற்கு முன்னால், இன்னும் கூட்டம் கூட்ட ஆள் இருக்கும்போதே, நோட்டு, கூட்டக் குறிப்பேடு, புகைப்படம், ஒலிநாடா எல்லாம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். கலைந்த பிறகு அதைச் செய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

"பாட்டெல்லாம் அச்சில் இருக்கிறதே, எங்கள் கிழிசல் காகிதம் யாருக்கு வேண்டும்" என்று அன்று மண்டபத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பாட்டு பிழைத்துக்கொள்ளும் என்பது சரிதான். கார்ல் பூபெரி 1885-இல் சுவீடனில் எழுதிய ஒரு கவிதை ஜெர்மனுக்குப் போய், ரஷ்ய மொழிக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்து, இன்று 'ஹௌ கிரேட் தௌ ஆர்ட்' என்று உலகம் முழுக்கப் பாடுகிறார்கள். சுவீடிஷிலிருந்து நேராகவே இங்கே சிகாகோவில் நார்த் பார்க் கல்லூரி ஆசிரியர் குஸ்டாவ் ஜான்சன் 1925-இல் இங்கிலீஷாக்கியிருந்தார், ஆனால் சுற்றி வந்ததுதான் ஊரெல்லாம் பரவியது. பாட்டுக்குக் கால் உண்டு, அது எப்படியும் போய்ச் சேரும். அதைப் பாடிய தச்சரும் இரும்பு உருக்கியவரும் வீட்டுவேலைக்காரப் பெண்ணும் புதன்கிழமை இரவு எங்கே கூடினார்கள், யார் பிந்தி வந்தால் எவ்வளவு அபராதம் கட்டினார்கள், எந்த வருஷம் குறிப்பேட்டை சுவீடிஷில் எழுதுவதை நிறுத்தினார்கள், இதெல்லாம் உங்கள் அலமாரியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

இவர்கள் கதை தெரியாத தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1850-க்கும் 1930-க்கும் இடையில் சுவீடனை விட்டு அமெரிக்காவுக்கு வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். 1900-இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 51 லட்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய வெளியேற்றம் என்று புரியும். நிலம் துண்டுதுண்டாகப் பிரிந்து சோற்றுக்குப் போதாமல் போனது, 1867-இலிருந்து 1869 வரை பஞ்சம். அப்புறம் சட்டம் வேறு. பாதிரியார் இல்லாமல் வீட்டில் கூடி வேதம் வாசித்து ஜெபிப்பதே குற்றம் என்று 1726-இல் போட்ட சட்டத்தை 1858-இல்தான் எடுத்தார்கள். அப்படி வீட்டில் கூடியவர்களை 'லேசரே' என்பார்கள், வாசிக்கிறவர்கள் என்று அர்த்தம். அவர்களுக்குப் பாட்டு மூச்சு மாதிரி.

ஆர்கன் வாங்க முடியாத ஏழைக் கோயில்களுக்கென்று சால்மோடிகோன் என்று ஒரு கருவி இருந்தது. யோஹான் டில்னர் என்ற பாதிரியார் 1830 வாக்கில் அதைச் சுவீடனில் பரப்பினார். இந்தப் பக்கத்துக் காட்சியகம் ஒன்றில் ஒன்றைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். நீளமான மரப்பெட்டி, அதன்மேல் ஒரே ஒரு நரம்பு, வயலின் மாதிரி வில்லால் இழுக்க வேண்டும். விரல் வைக்கும் கட்டைகளுக்குப் பக்கத்தில் எண்கள். நாம் ச ரி க ம என்று சொல்வதுபோல அவர்களுக்கு 1, 2, 3, 4. நோட்டு படிக்கத் தெரியாத பண்ணையாள்கூட எண்ணைப் பார்த்துத் தன் பாகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். தச்சு தெரிந்தவன் வீட்டிலேயே செய்துகொள்வான். கப்பலில் வந்தவர்கள் இதையும் கொண்டுவந்தார்கள். நான் பார்த்ததில் இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய எண்களுக்கு நேரே மரம் குழிந்து வழவழவென்று இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து கார் எடுத்தால் அரை மணி நேரத்தில் ஆண்டோவர் வந்துவிடும். எஸ்பியோன் என்ற சுவீடிஷ் பாதிரியார் அங்கே கோயில் கட்டக் காசில்லாமல் கிழக்குப் பக்க நகரங்களுக்கு வசூலுக்குப் போனார். அப்போது அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்த சுவீடிஷ் பாடகி ஜென்னி லிண்ட் 1,500 டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே காலரா வந்துவிட்டது, வந்திறங்கிய குடும்பங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கோபுரத்துக்கு என்று அறுத்து வைத்திருந்த பலகையைச் சவப்பெட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சின்னக் கோயில் இன்றும் கோபுரமில்லாமல்தான் நிற்கிறது. எங்கள் குழு வருஷத்துக்கு ஒரு முறை அங்கே போய்ப் பாடும். முதல் முறை பாடிவிட்டு வெளியே வந்தபோதுதான் என்னைக் குழுவுக்கு அழைத்துப் போன என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்தக் கதையைச் சொன்னார், எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

இது கோயில் பாட்டின் கதை. உங்கள் ஆண்கள் குழுக்களின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது, அது பல்கலைக்கழகத்துப் பாட்டு. உப்சாலாவிலும் லுண்டிலும் 1830-களிலிருந்தே மாணவர்கள் பக்கவாத்தியம் இல்லாமல் நான்கு பாகமாகப் பாடிவந்தார்கள். இரண்டு டெனர், இரண்டு பேஸ். 1867 பாரிஸ் கண்காட்சிப் போட்டியில் உப்சாலா மாணவர்கள் முதல் பரிசு வாங்கியதும் அந்தப் பாணி நாட்டுக்கே பெருமையாகிவிட்டது. மாணவர்கள் தலையில் வெள்ளைத் தொப்பி. சுவீடனில் அந்தத் தொப்பி சும்மா கிடைக்காது, மேல்நிலைப் படிப்பை முடித்துப் பரீட்சை தேற வேண்டும், அன்றைக்கு அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டுகிற விஷயம். சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் மொலீன் கலப்பைத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த ஆட்கள், ஊரில் ஆறாவது ஏழாவதோடு நின்றவர்கள், இங்கே குழு ஆரம்பித்ததும் அதே வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். பழைய குழுப் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். தொப்பிக்குக் கீழே காய்ப்பு விழுந்த கைகள், மடியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருப்பார்கள். எனக்கு உங்கள் வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். ஊரில் பிறப்பால் எட்டாமல் இருந்த ஒன்றை இங்கே குரலால் எடுத்துக்கொண்டார்கள்.

1880-களில் சுவீடன், நார்வே, டென்மார்க்காரர்கள் சேர்ந்தே பாட்டு விழா நடத்திக்கொண்டிருந்தார்கள், கொஞ்ச வருஷத்தில் தனித்தனியாகப் போய்விட்டார்கள். 1892-இல் சிகாகோவில் அமெரிக்க சுவீடிஷ் பாடகர் ஒன்றியம் பிறந்தது. அடுத்த வருஷமே அதே ஊரில் உலகக் கண்காட்சி, ஜூலை 20 சுவீடிஷ் தினம். பல மாநிலங்களிலிருந்து வந்த குழுக்கள் ஒரே மேடையில் நின்று பாடின. பாகங்களை அவரவர் ஊரிலேயே தனித்தனியாகப் படித்துவிட்டு, சிகாகோ வந்த பிறகுதான் மொத்தக் குரலையும் சேர்த்துக் கேட்டிருப்பார்கள். குழுவில் பாடியவர்களுக்குத் தெரியும், ஒன்பது பேரோடு மாதக்கணக்கில் படித்த பாட்டை நூற்றுக்கணக்கான பேரோடு முதல் முறை பாடும்போது வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று. 1897-இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சி வருஷத்தில் ஒன்றியத்தின் தேர்ந்த பாடகர்கள் கப்பலேறிப் போய்த் தாய்நாட்டிலேயே பாடினார்கள். பிழைக்க வழியில்லாமல் கிளம்பிப் போனவர்களாயிற்றே என்று பார்த்திருந்த ஊர், உட்கார்ந்து கேட்டது.

இன்னொரு ஊரைச் சொல்லாமல் விட முடியாது. கான்சாஸ் மாநிலத்தில் லிண்ட்ஸ்போர்க். 1869-இல் வேர்ம்லாந்து பகுதியிலிருந்து ஓலோஃப் ஓல்சன் என்ற பாதிரியாரோடு வந்தவர்கள் குடியேறிய புல்வெளி. முதலில் மண்ணைக் குடைந்தும் புல்கட்டியை அடுக்கியும் வீடு கட்டினார்கள். ஓல்சன் 1879-இல் லண்டனில் ஹாண்டல் இசையமைத்த 'மெசையா' என்ற பெரிய குழுப்பாட்டுப் படைப்பைக் கேட்டுவிட்டு வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசினார். அவருக்குப் பின் அந்தக் கோயிலுக்கு வந்த கார்ல் ஸ்வென்சன் 1881-இல் பெத்தனி கல்லூரியை ஆரம்பித்தார், அவர் மனைவி ஆல்மா ஸ்வென்சன் விவசாயக் குடும்பங்களைக் கூட்டி வைத்துப் பாகம் பாகமாகப் பழக்கினார். 1882 மார்ச் 28, முதல் மேடை. வாத்தியக்காரர்கள் எங்கள் பக்கத்து ராக் ஐலண்டில் இருக்கும் அகஸ்டானா கல்லூரியிலிருந்து ரயிலேறிப் போனார்கள். இன்றும் ஈஸ்டர் வாரத்தில் அங்கே 'மெசையா' பாடுகிறார்கள். 1929-இலிருந்து பெரிய வெள்ளியன்று பாக் என்ற இசையமைப்பாளரின் 'மத்தேயு பாடுகள்'. வயலிலிருந்து நேரே வந்து உட்கார்ந்த ஆட்களிடம் ஹாண்டலின் அந்த நீண்ட சுர ஓட்டங்களைப் பாட வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நானே மூன்று வருஷம் முயன்றும் சுத்தமாக வந்ததில்லை.

ஆல்மா ஸ்வென்சன் பெயராவது தெரிகிறது. உங்கள் ஆண்கள் குழுக்களின் பின்னால் இருந்த பெண்கள் பெயர்? மண்டப வாடகைக்குப் பணம் சேர்த்தது அவர்கள் நடத்திய காபி விருந்தும் தையல் விற்பனையும்தான். நான் காப்பாற்றிய பெட்டியில் ஒரு மகளிர் துணைக் குழுவின் கணக்கு நோட்டு கிடைத்தது. காபித்தூள் இத்தனை பவுண்டு, ஏலக்காய் இவ்வளவு, கோப்பை உடைந்தது ஆறு. அதைத் தூக்கிப் போட்டவர் அதில் பாட்டே இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். தயவுசெய்து கணக்கு நோட்டுகளைத்தான் முதலில் பத்திரப்படுத்துங்கள், இசை நோட்டுப் புத்தகத்துக்காவது இன்னொரு பிரதி எங்காவது இருக்கும்.

மொழி போனது தானாகப் போகவில்லை என்பதையும் உங்கள் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1918 மே மாதம், முதல் உலகப் போர் நடக்கும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஒரு அறிவிப்பு போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், கோயில் ஆராதனையில் எங்கும் இங்கிலீஷ் தவிர வேறு மொழி கூடாது. சண்டை ஜெர்மனியோடு, ஆனால் ஸ்டான்டன், ஸ்வீட்ஸ்பர்க் மாதிரி சுவீடிஷ் ஊர்களிலும் பாதிரியார் தன் மொழியில் பிரசங்கம் செய்ய முடியவில்லை. சில மாதம்தான் நீடித்தது, பயம் அதைவிட அதிக நாள் இருந்தது. அப்புறம் 1924-இல் குடியேற்றச் சட்டம் கதவைக் குறுக்கியது, புதிதாக வருகிறவர்கள் நின்றார்கள், பிள்ளைகள் இங்கிலீஷிலேயே கனவு காண ஆரம்பித்தார்கள். என் பெட்டியில் கிடைத்த பேஸ் புத்தகத்தின் பென்சில் எழுத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

இதில் உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நான் தமிழ்நாட்டில் மயிலாடுதுறைப் பக்கம் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர் எர்ன்ஸ்ட் ஹேமன், 1921-இல் பொறுப்பேற்ற சுவீடன்காரர். அடுத்த இருவரும் சுவீடன்காரர்களே. 1956-இல்தான் ராஜா மாணிக்கம் முதல் இந்தியராக வந்தார். கீர்த்தனைகளோடு, ஐரோப்பிய மெட்டில் நான்கு பாகமாகப் பாடும் ஞானப்பாட்டுகளையும் பாடித்தான் வளர்ந்தேன், டெனர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தது ஊர்க் கோயில் குயர் மாஸ்டர். இங்கே வந்து ஒருநாள் பனி தள்ளிக்கொண்டே ஒரு ஞானப்பாட்டு மெட்டை முணுமுணுத்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார். அடுத்த வரியை அவர் சுவீடிஷில் பாடினார். அந்தப் புதன்கிழமையே என்னை ஒத்திகைக்கு அழைத்துப் போனார். சுவீடிஷ் ரத்தமா என்று யாரும் கேட்கவில்லை, எந்தப் பாகம் என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? ராக் ஐலண்டில் அகஸ்டானா கல்லூரிக்குள்ளேயே ஸ்வென்சன் சுவீடிஷ் குடியேற்ற ஆய்வு மையம் 1981-இலிருந்து இருக்கிறது. சிகாகோ என்றால் நார்த் பார்க் பல்கலைக்கழகத்தில் சுவீடிஷ் அமெரிக்க ஆவணக் காப்பகம், ஆண்டர்சன்வில் பகுதியில் சுவீடிஷ் அமெரிக்க அருங்காட்சியகம். மினியாபொலிஸில் அமெரிக்க சுவீடிஷ் நிறுவனம், பிலடெல்பியாவிலும் ஒரு அருங்காட்சியகம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள், முதலில் போன் செய்து என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர்களும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், இடம் வேண்டுமே. அச்சுப் பிரதி இருபது இருந்தால் பென்சில் குறிப்பு நிறைய உள்ள இரண்டைப் பொறுக்கி எடுங்கள். ரப்பர் வைத்துச் சுத்தம் மட்டும் செய்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பென்சில்தான் விஷயமே. புகைப்படத்தின் பின்னால் பெயர்களை எழுதுங்கள், முகம் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே. மண்டப நிலவறையில் வைத்திருந்தால் இன்றே மேலே ஏற்றுங்கள், எங்கள் ஆறு எப்போது உள்ளே வரும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் குரல். போனில் பதிவு செய்தால் போதும், ஸ்டுடியோ எதுவும் வேண்டாம். எண்பது தாண்டியவரை உட்கார வைத்து அவர் பாகத்தை மட்டும் பாடச் சொல்லுங்கள், தனி பேஸ், தனி டெனர். கேட்க விசித்திரமாக இருக்கும், வெறும் அடிக்குரல் மட்டும் ஒரு பாட்டு முழுக்கப் போகும். ஆனால் எந்த இடத்தில் இழுப்பார்கள், எந்தச் சொல்லைத் தாத்தாவின் வட்டார வழக்கில் சொல்வார்கள் என்பது எந்த நோட்டிலும் எழுதியிருக்காது. எங்கள் பெரியவரிடம் நான் இதைப் போன குளிர்காலத்தில் கேட்டேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சுருதிக் குழலை எடுத்து ஊதி, கண்ணை மூடிக்கொண்டு பதினொரு பாட்டு பாடினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, இந்த இடத்தில் அப்பா எப்போதும் தப்பு செய்வார், நானும் அதே தப்பைத்தான் கற்றுக்கொண்டேன், எது வேண்டும் என்று கேட்டார். தப்பே பாடுங்கள் என்றேன்.

மார்ச்சில் அவர் போய்விட்டார். பதிவு என்னிடமும் அவர் மகளிடமும் இருக்கிறது.

நான் மீட்ட இரண்டு பெட்டியும் கராஜில் மேல்தட்டில், ஈரம் படாமல் இருக்கின்றன. பட்டியல் போட்டு முடித்துவிட்டேன், இந்த மாதக் கடைசியில் ராக் ஐலண்டுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிறேன், பேசியாகிவிட்டது. மொலீனிலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்துக்குள் எந்தக் குழு கூப்பிட்டாலும் சனிக்கிழமை வருகிறேன். என்னிடம் வேன் இருக்கிறது, காலி அட்டைப் பெட்டிகளும் நிறைய இருக்கின்றன. ஆங்கிலப் பிரதியில் என் எண் உள்ளது.

இப்படிக்கு,
இரண்டாம் டெனர் வரிசையில் கடைசி நாற்காலிக்காரன்